பசை படாத தொட்டில்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதை எடுத்துப் புழங்காததால் அது புதுக்கருக்கு அழியாமல் அப்படியே கிடந்தது. தெருவுக்கு அவர் 'ரேடியோ'. நிஜ ரேடியோவுக்காவது காதைத் திருகினால் வாய் அடைக்கும். இவருக்கு எந்த இடத்தில் திருக வேண்டும் என்பது, இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய அவர் மனைவிக்கே பிடிபடவில்லை.

தொழில் தச்சு. சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட பட்டறை. கைவேலையைக் குறை சொல்ல முடியாது, சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நாற்காலியென்றால் நாற்காலி, அலமாரியென்றால் அலமாரி, கதவு மூடினால் காற்றுக்கே அனுமதி இல்லை. ஆனால் அந்த நாற்காலியை வாங்க வந்தவர், அது எந்தக் காட்டு மரம், அதை அறுத்த மில்காரன் எப்படிப்பட்ட அயோக்கியன், இந்தக் காலத்து ஆட்களுக்கு ஏன் உட்காரத் தெரியவில்லை என்பதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். உட்கார நாற்காலி தேடி வந்தவர்கள் நின்று நின்று கால் வீங்கித் திரும்பினார்கள்.

அவருக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. கிருமியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துத் தினம் பார்ப்பதால், வீட்டில் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவுகிறவள். அவள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னாள். நல்ல பையன், சிரித்த முகம், குடிப்பழக்கம் கிடையாது. ஒரு பசைக் கம்பெனிக்கு விற்பனைப் பிரதிநிதி. சின்னப் பெட்டியில் மாதிரி டப்பாக்களை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் பசையின் பெருமையைப் பேசுவதுதான் வேலை.

பேச்சு முடிக்கப் பையன் வீட்டுக்குப் போனார்கள். வாசல்படி ஏறும்போதே மனைவி காதோடு சொல்லிவைத்தாள்: "தோ பாருங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பையனின் அப்பா பாவம், பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். "உங்க தொழில்ல பசை நிறைய செலவாகும், இல்லீங்களா?"

அவ்வளவுதான். குளவிக்கூட்டில் கல் விழுந்தது.

"பசைன்னா என்னங்க? சரியாச் செதுக்கத் தெரியாதவன் மூஞ்சிக்குப் பூசிக்கிற பவுடர்!" என்று தொடங்கினார் ரேடியோ. இத்தனைக்கும் அவர் பட்டறையிலேயே மாசத்துக்கு ஒரு வாளி பசை காலியாகிக்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் தச்சர் தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மனைவி தொடையில் கிள்ளினாள். கிள்ளியதைக் கொசு என்று நினைத்தாரோ என்னவோ, சொறிந்துகொண்டே மேலே போனார். மரத்துக்கு மரம்தான் துணை என்றார். நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு என்றார். காபி ஆறி ஆடை கட்டியது. கடைசியில், வாய் போன வேகத்தில், "நான் வெட்டிப் பொழைக்கிறவன். ஒட்டிக்கிட்டுப் பொழைக்கிற குடும்பத்தை இப்பதான் பார்க்கிறேன்" என்று ஒரு போடு போட்டார்.

பையனின் அம்மா எழுந்து, யாரும் குடித்து முடிக்காத காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் என்னவோ நடந்தது, மகள் பிடிவாதத்தால் நடந்தது. அன்றைக்கும் மனுஷன் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பசையின் கேடுகளை விளக்கினார். பக்கத்தில் உட்கார்ந்தவர் பசைக் கம்பெனி மேனேஜர். மறுநாள் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அப்பா, உங்களுக்கு எப்ப வாயை மூடத் தெரியுதோ அப்ப என் வீட்டுக்கு வாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கமே வராதீங்க." சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அதற்கு அவர் சொன்ன பதில், வண்டி தெருமுனை திரும்பி வெகுநேரம் ஆனபின்னும் முடியவில்லை.

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். இவர் வீம்பு பிடித்தார். பட்டறைக்குப் போய் இருந்த பசை வாளிகளை எல்லாம் தூக்கிக் குப்பையில் போட்டார். "இனிமே என் பட்டறைக்குள்ள ஒரு சொட்டுப் பசை வந்துச்சுன்னா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்" என்று சைக்கிள் கடைக்காரரிடம் சபதம் போட்டார். ஏற்கெனவே மாற்றி வைத்தாகிவிட்டதே என்று சைக்கிள் கடைக்காரர் நினைத்துக்கொண்டார், சொல்லவில்லை.

சபதம் போட்டு முடித்த பிறகுதான் நாற்காலியை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. ஆணி அடிக்க மானம் இடம் கொடுக்கவில்லை. வெறும் பொருத்தில் நிற்க வைத்தது நாலு நாளில் ஆடியது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் சைக்கிள் கடைக்காரர்தான் ஒருநாள் செல்போனை நீட்டினார். எங்கோ ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர், ஆணி மாதிரிச் சீவிய மர முளை ஒன்றை டிரில் மெஷினில் மாட்டி, சுழலச் சுழலப் பலகைத் துளைக்குள் அழுத்தினார். குப்பென்று புகை. மெஷினை நிறுத்தினார். முளை அசையாமல் நின்றுவிட்டது. ஆணி இல்லை, பசை இல்லை. சூடு ஏற ஏற மரத்துக்குள்ளேயே இருக்கும் பிசின் உருகி, ஆறும்போது இறுகி, இரும்பைப் பற்றவைத்த மாதிரி மரத்தை மரத்தோடு பிடித்துக்கொள்கிறதாம்.

ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மரத்துக்கு மரம்தான் துணைன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தார். அது விழுந்தது பாலிலா வேறெதிலா என்பது பின்னால்தான் தெரிந்தது.

கற்றுக்கொள்வதற்குள் அவர் பட்ட பாட்டைவிடத் தெரு பட்ட பாடு அதிகம். முளை நன்றாகக் காய்ந்த கெட்டி மரத்தில் இருக்க வேண்டும். துளை முளையைவிட ஒரு நூல் சின்னதாக இருக்க வேண்டும். ரொம்பச் சின்னதாகப் போனால் முளை பாதி வழியில் முறிந்து பல்லிளிக்கும், பெரிதாகப் போனால் சூடே ஏறாமல் தேமே என்று சுற்றும். இதெல்லாம் அவருக்குச் சீக்கிரம் கைவந்தது. வராதது ஒன்றே ஒன்று. முதல் புகை வந்து, முளையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் பொங்கியதும் சுழற்சியைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி, அழுத்தியபடி ஆடாமல் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கூடக் கொஞ்சம் சுற்றிவிட்டால் இறுகத் தொடங்கிய பிசின் கிழிந்து, கரியாகி, எல்லாம் நாசம்.

இவராவது, நிறுத்துவதாவது! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுற்றி, பலகை பலகையாகக் கரியாக்கினார். தையல் கடைக்காரம்மா இரண்டு தடவை தண்ணீர் வாளியோடு ஓடி வந்தாள். மூன்றாவது தடவை ஓடி வரவில்லை, "எரிஞ்சா எரியட்டும், சனியன்" என்று தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய துணிகளில் புகை வாசம் ஏறி, வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்ததுதான் மிச்சம்.

எப்படியோ ஒருநாள் கை படிந்தது. புகை வந்தது, நிறுத்தினார், அழுத்தினார், மனசுக்குள் எண்ணினார். சுத்தியலால் தட்டினால் பலகை பிளந்ததே தவிர முளை வரவில்லை. மனைவியைப் பட்டறைக்கே கூட்டிவந்து காட்டினார். அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பரவாயில்லையே, எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சே. அந்தக் கையைக் கொஞ்சம் வாய்க்கும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க."

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? ஸ்டூல், பெஞ்சு, புத்தக அடுக்கு என்று பசையில்லாமல் செய்து தள்ளினார். செய்ததைவிடச் சொன்னது அதிகம். கேட்க வந்தவர்கள் கடைசியில், "பசை விக்கிறவங்க பொழப்பெல்லாம் இனிமே என்ன ஆகுமோ, பாவம்!" என்ற அனுதாபச் செய்தியையும் கட்டாயம் கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஒரே ஒரு தடவை மூக்கு அறுபட்டது. சைக்கிள் கடைக்காரர் தன் ஸ்டூலை வெளியில் மறந்துவிட்டுப் போக, ராத்திரி முழுக்க மழை. காலையில் வந்து உட்கார்ந்தார், நாலு காலும் நாலு திசைக்குப் போயின. தரையிலிருந்து அவர் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. உருகி இறுகியது ஈரத்தில் ஊறினால் விட்டுவிடும் என்பது அன்றைக்குத்தான் வெளிச்சமானது. ரேடியோ அசருவாரா? "ஸ்டூலை மழையில நனைய விட்டது உன் தப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனாலும் தொழில் சுத்தம் உள்ளவர், அதனால் அன்றிலிருந்து வருகிற போகிற எல்லோரிடமும் எச்சரித்தார்: "எல்லாம் தாங்கும், ஈரம் மட்டும் ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சுக்கங்க."

இந்த சமயத்தில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மனைவி மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். இவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போக அவரைக் கௌரவம் தடுத்தது, தவிர மகளின் வாயையும் அவருக்குத் தெரியும், அவர் கொடுத்த வாய்தானே.

தினம் சாயங்காலம் மனைவி போன் பண்ணுவாள். சோறு வடித்தீர்களா, பால் காய்ச்சினீர்களா என்று கேட்பாள். பின்னால் குழந்தை அழும். அவர் காதைப் போனோடு சேர்த்து அழுத்திக்கொள்வார். "அவளைக் கொஞ்சம் பக்கத்துல கொண்டா" என்பார். கொண்டுவந்தால் அது அழுகையை நிறுத்திவிடும். வெறும் மூச்சு மட்டும் கேட்கும். போனை வைத்த பிறகு அடுப்பில் சோறு கருகுகிற வாசம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். அவருக்கு அந்தக் குழந்தையைத் தூக்க வேண்டும், ஒரு தடவையாவது மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். உலகத்தில் எதைப் பற்றியும் நாள் முழுக்கப் பேசத் தெரிந்த மனுஷனுக்கு இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் தொட்டில் செய்தார். அப்படியொரு வேலையை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. பக்கச் சட்டங்களை இழைத்து இழைத்து, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். அடியில் சின்னச் சின்னப் பலகைகளாக வரிசை போட்டு, ஒவ்வொன்றையும் சட்டத்தோடு முளை சுழற்றி இறுக்கினார். ஆணி கிடையாது, பசை கிடையாது. அந்தப் பசைக்காரன் வீட்டு நடுக்கூடத்தில், அவன் கண்ணெதிரே, அவன் மகளே பசையில்லாத தொட்டிலில் ஆடப்போகிறாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. பேத்தி மேல் ஆசை முக்கால், மாப்பிள்ளை மேல் காட்டம் கால். அவரைக் கேட்டால் முழுக்க ஆசைதான் என்று சாதிப்பார்.

துணிமணி எடுத்துப்போக வந்த மனைவி தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏங்க, இதுல ஒண்ணு..." என்றாள். அவர் மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லங்க, கொழந்தைன்னா..." என்றாள். அவர் முளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேச்சுக்கு நடுவில் ஒரு ஊசி நுழைய இடமிருந்தால்தானே? அவள் வண்டிக்காரரைக் கூப்பிட்டுத் தொட்டிலை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மகளிடமிருந்து மனைவி வழியாகச் செய்தி வந்தது: "தொட்டில் நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னா." அதை வைத்துக்கொண்டு ரேடியோ ஒரு மாதம் ஒலிபரப்பினார். சைக்கிள் கடைக்காரரிடம் அது "இப்படி ஒரு தொட்டிலை எங்கயும் பார்த்ததில்லைன்னு சொல்லியிருக்கா" என்று ஆனது. தையல் கடைக்குப் போய்ச் சேரும்போது மாப்பிள்ளையே அழுததாக ஆகியிருந்தது. கூப்பிட மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மனைவியும் வீடு திரும்பிவிட்டாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எல்லாம் போனில்தான்.

பிறகு ஒருநாள் காலையில் மகளே போன் பண்ணினாள். "அப்பா, நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போகணும். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க." வேறொன்றும் சொல்லவில்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. "பார்த்தியா? கடைசியில யாரு இறங்கி வந்தது? நானா, அவளா?" என்று மனைவியைக் கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொட்டிலின் வரலாறு கிடைத்தது. அந்த ஆள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போனார்.

மகள் கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். "வாங்க மாமா" என்றார். குழந்தை தோளுக்கு மேலாக இவரைப் பார்த்தது. அவர் கையை நீட்டுவதற்குள் மகள், "இங்க வாங்க" என்று உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

தொட்டில் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அடிப்பலகைகள் பாதி கழன்று கீழே கிடந்தன. மாப்பிள்ளை பின்னாலேயே வந்து, கூச்சத்தோடு சொன்னார்: "ஒரு பக்கம் விட்டுப்போச்சு மாமா. நானே ரெண்டு தடவை எங்க பசையைப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். பிடிக்கவே மாட்டேங்குது."

அட, அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! தொட்டில் உடைந்த துக்கம் ஒரு கண்ணில், பசை தோற்ற ஆனந்தம் மறு கண்ணில். ஆனந்தம்தான் முதலில் வாய்க்கு வந்தது. "எப்படிப் பிடிக்கும்? எப்படிப் பிடிக்கும்ங்கறேன்! உருகிக் கருகிக் கண்ணாடி மாதிரி ஆன எடத்துல பசையை ஊத்தினா அது எங்க போய்ப் பிடிக்கும்? இதைத்தான் நான் அன்னிக்கே உங்க வீட்டுல..."

"அப்பா" என்றாள் மகள். "பலகை விட்டப்ப பாப்பா உள்ளதான் இருந்தா."

அவர் பேச்சு அந்தரத்தில் நின்றது.

"தலைப் பக்கம் அப்படியே கீழ போயிடுச்சு. தொட்டிலுக்கு அடியில போர்வை அடுக்கி வெச்சிருந்தேன், அது மேல விழுந்தா. வெளையாட்டுன்னு நெனைச்சுச் சிரிச்சா. போர்வை இல்லன்னா?" கீழே கிடந்த பலகையை அவள் காலால் ஒதுக்கினாள். "உங்க மேல எனக்கு அவ்வளவு கோபம். இவர்தான், மாமா வந்து பார்த்தா சரி பண்ணிடுவாரு, கூப்பிடுன்னு சொன்னாரு."

அவர் குனிந்து ஒரு பலகையை எடுத்தார். முளை இருந்த இடம் நொதநொதவென்று ஊறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். குழந்தை மூத்திர வாசம், அதற்கு யாருடைய விளக்கமும் தேவைப்படவில்லை. மகள் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கழுவி ஏறிய சோப்பு வாசமும் அதோடு கலந்திருந்தது. அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"இதுல..." என்றார். "இதுல வந்து... ஈரம் படக்கூடாது."



"எதுல?" என்றாள் மகள்.

"இந்தப் பொருத்துல. தண்ணி பட்டா விட்டுடும்."

"கொழந்தைத் தொட்டில்ல ஈரம் படக்கூடாதா?"

"வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதான்..."

"பாப்பாகிட்ட சொல்லலையே!" என்றாள் மகள். "ஏம்பா, நான் கொழந்தையா இருந்தப்ப நனைக்கவே இல்லையா? துணியில ரோஜாப்பூவா பூத்துச்சு?"

மாப்பிள்ளை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளும், தோளில் இருந்த குழந்தையும் குலுங்கின.

"அவருக்கு அதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்றாள் மனைவி. ரொம்ப நாளாகக் காத்திருந்த குரல் அது. "நீ நனைச்ச துணியை எல்லாம் யாரு அலசினா? உங்கப்பா ஒரு நாள், ஒரே ஒரு நாள் தொட்டிருப்பாரா? கொழந்தைங்க தானாவே காஞ்சுக்கும்னு நெனைச்சுட்டு இருந்தாரு. அன்னிக்கு இந்தத் தொட்டிலைப் பார்த்து ரெண்டு தடவை கேக்க வந்தேன். கேக்க விட்டாத்தானே?"

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய மனுஷன், ஊரிலேயே ஓயாமல் நனைக்கிற ஒரே ஆளுக்குத் தண்ணீர் ஆகாத சாமானைச் செய்து கொடுத்திருந்தார். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் யாருக்கு வரும்? அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அந்தப் போர்வை அங்கே இல்லாமலிருந்தால் என்று நினைத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் நிறைய வார்த்தை வைத்திருந்தவருக்கு அதற்குரிய வார்த்தை மட்டும் கிடைக்கவில்லை.

பலகையைக் கீழே வைத்துத் தலை நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, தண்ணியில போகாத பசை ஏதாவது இருக்குதுங்களா?" என்றார். கூரை இடிந்து விழவில்லை. நாக்கும் சுளுக்கிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை முகத்தில் விளக்கு ஏற்றியது போல ஆனது. குழந்தையை மகள் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய் மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். "இருக்குதுங்களாவா? மாமா, இதோ இது படகுக்குப் போடறது. இதை நீங்க வெந்நீர்ல போட்டு ஊற வெச்சாலும் சரி, கடல்லயே போட்டாலும் சரி. சாதாரணப் பசை எப்படின்னா..." என்று ஆரம்பித்தவர், பசை பிறந்த கதை, வளர்ந்த கதை, போட்டிக் கம்பெனிக்காரனின் அயோக்கியத்தனம் என்று மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தார்.

ரேடியோ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரை உட்கார வைத்து ஒருத்தர் இப்படிப் பேசியது அவர் ஆயுளிலேயே இதுதான் முதல் தடவை.

"தேடித் தேடிக் கடைசியில இதையேதான் பிடிச்சிருக்க, போ!" என்று மனைவி மகள் காதில் சொன்னாள். மகள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள்.

பக்கத்து மரக்கடையில் டிரில் மெஷினும் உளியும், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் இரவல் வாங்கிவந்து வேலையைத் தொடங்கினார்கள். கருகிய முளைகளை எல்லாம் துளைத்தெடுத்து, கருகாத நல்ல மரம் தெரியும்வரை துளைகளைப் பெரிதாக்கினார். அதே மரக்கடையில் கிடைத்த கட்டையில் புது முளைகள் சீவினார். டிரில் மெஷின் சத்தம் ஓய்ந்தபோது பசை தடவும் கட்டம் வந்தது. அதற்கு மாப்பிள்ளையின் இரண்டு கையும் வேண்டும். சட்டம் கோணாமல் இழுத்துப் பிடிக்க மகளின் இரண்டு கையும் வேண்டும். தச்சர் மகளல்லவா, கோணலை அவள் கண் விடாது. மனைவி அடுப்படியில் இருந்தாள். குழந்தையோ தூக்கம் வந்து சிணுங்கிக்கொண்டிருந்தது, படுக்க வைக்கத் தொட்டிலும் இல்லை.

அந்த அறையில் சும்மா இருந்த கை அவருடையதுதான்.

"பிடிங்கப்பா" என்று மகள் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுச் சட்டத்தைப் பிடிக்கப் போய்விட்டாள். குழந்தை அவர் சட்டைப் பொத்தானை ஆராய்ந்தது, மூக்கைப் பிடித்து இழுத்தது. பிறகு அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்துக்கொண்டது. "என் தங்கமே" என்று அவர் ஆரம்பித்தார். அவர் குரல் நெஞ்சில் அதிர்ந்ததும் அது முகம் சுளித்து அழப்பார்த்தது. அவர் வாயை மூடினார், அது தூங்கியது. இன்னொரு தடவை மாப்பிள்ளைக்கு யோசனை சொல்ல வாயெடுத்தார். மறுபடியும் முகச்சுளிப்பு. மறுபடியும் மூடினார். கொஞ்ச நேரத்தில் சட்டை வெதுவெதுப்பாக நனைந்தது. நனைந்த சட்டையோடு, கால் மரத்துப்போய், வாய் திறவாமல், உலகத்திலேயே அதிர்ஷ்டசாலி தான்தான் என்ற முகத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை கடைசி கிளாம்பை முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தார். "முடிஞ்சுது மாமா. சாயங்காலத்துக்குள்ள நல்லாப் பிடிச்சுடும். நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி பாப்பாவை உள்ளயே படுக்க வெச்சுப் பார்த்துடலாம்."

அவர் குழந்தையின் தலையைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். கிசுகிசுப்பாக, ரகசியம் போலச் சொன்னார்: "எதுக்கு அவசரம்? சாயங்காலத்துக்குள்ளல்லாம் காயாது. நாளைக்கும் கெடக்கட்டும்."

"இல்ல மாமா, இது சீக்கிரமே..." என்று மாப்பிள்ளை டப்பாவைத் திருப்பினார்.

மகள் அந்த டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறந்ததிலிருந்து பசை வாசத்தோடு வளர்ந்தவள், எது எப்போது காயும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினாள்.

"அப்பா சொல்றது சரிதாங்க, ஈரம் இருக்கு" என்றாள். "ரெண்டு மூணு நாளாவது ஆகும். அதுவரைக்கும் அப்பா இங்கயே இருக்கட்டும்."